அறிவிப்பா? பங்கீடா? – தட்டுப்பாட்டுச் சந்தையும் தன்னியக்க நிரல்களும்

ஒரு சமுதாயத்தின் விநியோக ஒழுங்கு எத்தகையது என்பது, பண்டங்கள் தட்டுப்பாடடையும் காலத்திலேயே தெளிவாகப் புலப்படும். கடைகளிற் பொருள் நிறைந்திருக்கும்போது வாங்குவோரும் விற்போரும் சமபலம் வாய்ந்த சுதந்திர மனிதராகவே தோற்றமளிப்பர். பொருள் குறைந்ததும் அத்தோற்றம் கலைந்துவிடுகிறது. யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு, அதனைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன. முன்னர் இவ்வினாக்கள் கடைவாசலில் நின்ற கியூ வரிசையில் விடை கண்டன. இன்று அவ்வரிசை கண்ணுக்குப் புலப்படாத ஓரிடத்துக்குப் பெயர்ந்துவிட்டது. இணையக் கடைகளின் பக்கங்களை இரவுபகலாகக் காவல்செய்து, தீர்ந்துபோன பொருள் மீண்டும் விற்பனைக்கு வந்த கணத்திலேயே செய்தி அனுப்பும் தன்னியக்க நிரல்கள் அவ்விடத்தை ஆள முற்பட்டுள்ளன. 'பொட்' என்று பொதுவழக்கில் இவை அழைக்கப்படுகின்றன.

கணனித் துறையிற் பயிலும் இளைஞர் பலருக்கு இத்தகைய நிரலொன்றை ஆக்குவது ஆரம்பப் பயிற்சிகளுள் ஒன்றாகவே அமைந்துவிட்டது. இதனைப் பொதுநலத் தொண்டு எனவும், வாங்குவோர் கைக்கு வந்த சமத்துவக் கருவி எனவும் போற்றுவோர் உளர். இக்கருத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிரல் தன்னளவில் தீயது என்பதன்று நமது வாதம். அறிவித்தல் என்னும் செயல், பங்கிடுதல் என்னும் செயலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதையும், அதற்கு முற்போக்கு என்ற பெயர் சூட்டப்படுவதையுமே நாம் எதிர்க்கின்றோம்.

1. நிரல் செய்வது யாது?

விமரிசனத்துக்கு முன்னர் பொருளை விளங்கிக்கொள்வது அவசியம். அறிவிப்பு நிரலின் அமைப்பு மிக எளியது. ஒரு பொருள் தீர்ந்துவிட்டால், கடையின் இணையப் பக்கத்தில் 'இருப்பில் இல்லை' என்ற தொடரோ, அழுத்தமுடியாதவாறு மங்கலாக்கப்பட்ட கொள்வனவுப் பொத்தானோ காணப்படும். நிரல் அப்பக்கத்தை நிமிடத்துக்கு ஒரு தடவையோ சில செக்கன்களுக்கு ஒரு தடவையோ கேட்டுப் பெறுகிறது. பெற்றதை முன்னர் பெற்றதனோடு ஒப்பிடுகிறது. மாற்றம் தென்பட்டதும் ரெலிகிராம், டிஸ்கோர்ட் போன்ற செய்திச் சேவைகளின் வாயிலாகத் தன் சந்தாதாரருக்கு அறிவிக்கிறது. இத்தகைய நிரல்களை எவரும் தன்னோடு இணைப்பதற்கான வாயிலை ரெலிகிராம் 2015 யூன் மாதத்திலேயே திறந்துவிட்டது. சில பத்து வரிகளில் எழுதக்கூடிய இந்நிரலை மலிவான வாடகைக் கணனியொன்றில் இடைவிடாது ஓடவிடலாம். கடையும் வாளாவிருப்பதில்லை. ஒரே முகவரியிலிருந்து மிகையாக வரும் கேள்விகளை அது மறுக்கும்; படப் புதிர்களை விடுத்து, கேட்பவர் மனிதர்தாமா எனச் சோதிக்கும். நிரலாளரோ முகவரிகளை மாற்றியும் இடைவெளிகளை மாற்றியும் அவற்றைக் கடக்க முயல்வர்.

இதனின்றும் வேறுபட்டது கொள்வனவு நிரல். அது செய்தி சொல்வதோடு நில்லாது, பொருளைக் கூடையில் இட்டு, முகவரியையும் கடனட்டை இலக்கத்தையும் நிரப்பி, மனிதர் திரையை நோக்கித் திரும்புமுன்னரே பணத்தைச் செலுத்தி முடித்துவிடும். அறிவிப்பு நிரலை ஆதரிப்போர் இவ்வேறுபாட்டையே தமது முதல் அரணாகக் கொள்வர். 'நாம் வாங்கவில்லை, சொல்கின்றோம். சொல்வதில் என்ன குற்றம்?' என்பது அவர்களது வினா.

2. சமத்துவம் என்னும் மயக்கம்

இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் பொருந்தாது. அதில் உண்மை இல்லாமலில்லை. தொழிற்சாலையிலோ வைத்தியசாலையிலோ நாள் முழுவதும் உழைக்கும் ஒருவர் கடையின் பக்கத்தை மணிக்கு 60 தடவை திறந்து பார்க்க இயலாது. நிரல் அவருக்காகக் காத்திருக்கிறது. எப்பொழுது, எவ்வளவு பொருள் வரும் என்பதைப் பெருங்கடைகள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. நிரல் அம்மறைப்பை ஓரளவு உடைக்கிறது. இவற்றை ஏற்றுக்கொண்டே மேற்செல்வோம்.

அச்செய்தியின் பயன் எதிலிருந்து பிறக்கிறது என்பதே கேள்வி. 1,000 பொருள்கள் வந்துள்ளன. 1 இலட்சம் பேர் வேண்டி நிற்கின்றனர் என வைத்துக்கொள்வோம். செய்தி 500 பேருக்கு மட்டும் எட்டுமாயின், அந்த 500 பேரும் பயன்பெறுவர். ஆனால் அப்பயன் எஞ்சியோரின் அறியாமையிலிருந்து பெறப்பட்டதாகும். மாறாக, செய்தி 1 இலட்சம் பேருக்கும் ஒரே கணத்தில் எட்டுமாயின், 99,000 பேர் முன்போலவே வெறுங்கையராய்த் திரும்புவர். முன்னர் வீட்டிலிருந்தே ஏமாந்தோர் இனி ஓடிக் களைத்து ஏமாறுவர் என்பதே அவர்களுக்குக் கிடைத்த மாற்றம். ஆகவே, அறிவிப்பு நிரல் பயனுடையதாயின் பொதுவானதன்று, பொதுவானதாயின் பயனுடையதன்று. ஒரு பொருளைக்கூட அது பெருக்குவதில்லை. இருப்பதை யார் கொள்வது என்பதற்கான விதியையே அது மாற்றுகிறது. தேவை, காத்திருந்த காலம், கிடைத்த பங்கின் அளவு ஆகிய எவற்றையும் அப்புதிய விதி வினவுவதில்லை. விரைவு ஒன்றையே வினவுகிறது.

விரைவை விதியாகக் கொண்ட ஓட்டத்தில் மனிதர் வெல்வதில்லை. 1 இலட்சம் பேருக்கும் மணி ஒலித்த பின்னர், விரலை அசைக்கத் தேவையில்லாத கொள்வனவு நிரலே முந்திச் செல்லும். உண்மையில் அறிவிப்பு நிரலும் கொள்வனவு நிரலும் எதிரிகள் அல்ல. பக்கத்தைக் காவல்செய்து மாற்றத்தைக் கண்டறிதல் என்னும் பகுதி இரண்டுக்கும் பொது. முன்னதன் இறுதி வரியை நீக்கி வேறு சில வரிகளைச் சேர்த்தால் அது பின்னதாகிவிடும். எனவே 'நாம் சொல்கின்றோம், வாங்கவில்லை' என்ற வேறுபாடு எழுதுவோரின் நல்லெண்ணத்தைக் காட்டுமேயன்றி, கருவியின் சமூக இயல்பைக் காட்டாது.

3. 2020ஆம் ஆண்டின் படிப்பினை

கொவிட் பெருந்தொற்றுக் காலத்து நிகழ்ச்சிகள் இதற்குத் தக்க சான்றாகும். 2020 செப்டெம்பர் 17ஆம் திகதி என்விடியா நிறுவனம் 699 டொலர் விலையுள்ள வரைவியல் அட்டையொன்றை விற்பனைக்கு விட்டது. சிறிது நேரத்துள் இருப்பு முடிந்தது. கொள்வனவு நிரல்களைத் தடுக்கத் தவறியமைக்கு நிறுவனம் மன்னிப்புக் கோரி, படப் புதிர்ச் சோதனையைத் தன் கடையிற் சேர்த்தது. அவ்வாண்டு நவம்பரில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்ரேசன் 5 வெளியாயிற்று. நவம்பர் 25ஆம் திகதி விற்பனையின் முதல் 30 நிமிடங்களுள் மாத்திரம் 2 கோடிக்கும் மேற்பட்ட நிரல் முயற்சிகளைத் தடுத்ததாக அமெரிக்காவின் வோல்மார்ட் நிறுவனம் பின்னர் அறிவித்தது. 499 டொலர் விலையுள்ள அப்பொருள் மறுவிற்பனைத் தளங்களில் ஏறக்குறைய இருமடங்கு விலைக்குப் பேசப்பட்டது.

இக்காலத்திலேதான் அறிவிப்பு நிரல்களும் பல்கிப் பெருகின. ஒருபுறம் அறிவிப்பு நிரல், மறுபுறம் கொள்வனவு நிரல், இடையிற் கடையின் தடுப்பு நிரல் என மூவகை இயந்திரங்கள் தம்முட் பொருத, உண்மையில் விளையாட்டுப் பெட்டியை விரும்பிய சிறுவனின் பெற்றோர் பார்வையாளராயினர். தட்டுப்பாட்டின் காரணங்கள் இப்போரில் எவருடைய கவனத்தையும் பெறவில்லை. குறைகடத்தி உற்பத்தி உலகின் ஒருசில தொழிற்சாலைகளிற் குவிந்திருந்தமை, ஊரடங்குக் காலத்திற் கேள்வி திடீரென உயர்ந்தமை, மின்னியல் நாணயம் அகழ்வோர் வரைவியல் அட்டைகளைத் தொகையாக வாங்கியமை ஆகியனவே அக்காரணங்கள். பொருளின்மை உற்பத்தியின் பிரச்சினை. அதனைச் செய்தியின் பிரச்சினையாக உருமாற்றிக் காட்டியதே அறிவிப்பு நிரலின் கருத்தியற் பணி எனலாம்.

4. தரகின் புதுவடிவம்

இலவசமாக வழங்கப்படும் அறிவிப்புச் சேவைகள் எவ்வாறு நிலைக்கின்றன என்பதும் ஆராயத்தக்கது. அவற்றுட் பல, அனுப்பும் செய்தியோடு கடைக்குச் செல்லும் இணைப்பொன்றையும் அனுப்புகின்றன. அவ்விணைப்பின்வழிச் சென்று ஒருவர் வாங்கினால், கடை செய்தி அனுப்பியவருக்கு ஒரு வீதத்தைத் தரகாக வழங்கும். அமேசன் முதலிய பெருங்கடைகள் இத்தரகு முறையை நெடுங்காலமாக நடத்தி வருகின்றன. விளையாட்டுக் காலணிச் சந்தையிலோ மாதச் சந்தா செலுத்தியோருக்கு மட்டுமே முன்னறிவிப்பு வழங்கும் குழுக்கள் நெடுநாளாகவே இயங்குகின்றன. பணம் செலுத்தியோருக்கு உடனடிச் செய்தி, ஏனையோருக்குத் தாமதச் செய்தி எனச் செய்தியே இருவகுப்பாகப் பிரிக்கப்படுவதும் உண்டு.

தொண்டு மனப்பான்மையால் மாத்திரம் இயங்கும் நிரலாளர் உளர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் தொழிலாக இது வளரும்போது அதன் நலன் எங்கே தங்கியுள்ளது? பொருள் தாராளமாகக் கிடைக்கும் நாளில் அறிவிப்புக்கு வாசகர் இலர், தரகும் இல்லை. தட்டுப்பாட்டினால் வாழும் ஒரு தொழில் தட்டுப்பாட்டின் முடிவை விரும்பும் என எதிர்பார்ப்பது பேதைமை. கடைவாசலிற் பதுக்கல்காரனை இனங்கண்டு வெறுத்த நாம், திரையிலே அவனுக்கு அடுத்த வீட்டில் வசிப்பவனை நண்பன் எனக் கொண்டாடுகின்றோம்.

கடைகளும் இவ்வியாபாரத்தை விரைவிலே கற்றுக்கொண்டன. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெஸ்ட் பை நிறுவனம், ஆண்டுக்கு 199.99 டொலர் சந்தா செலுத்தும் உறுப்பினருக்கே தட்டுப்பாடான பெட்டிகளையும் அட்டைகளையும் பல தடவை விற்றது. வோல்மார்ட்டும் தன் சந்தாதாரருக்கு முன்னுரிமை அளித்தது. பொருளுக்கு ஒரு விலை. பொருளை வாங்குவதற்கான வரிசையில் நிற்பதற்கு இன்னொரு விலை. அறிவிப்பு நிரலும் முன்னுரிமையையே வழங்குகிறது; கடை அதே முன்னுரிமைக்கு விலைச்சீட்டு ஒட்டியது, அவ்வளவே.

5. குழந்தையின் பாலும் ஊசியின் முறையும்

விளையாட்டுப் பெட்டி கிடைக்காமையால் எவரும் மாண்டுவிடப்போவதில்லை என்று கூறி இவ்விவாதத்தை முடித்துவிடலாம் எனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால் விரைவு என்னும் விதி ஆடம்பரப் பண்டத்தோடு நின்றுவிடவில்லை.

2022ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் குழந்தைப் பால்மாவுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. பெப்ரவரி மாதத்தில் அபட் நிறுவனம் தன் உற்பத்திகள் சிலவற்றை மீளப்பெற்று, மிச்சிகன் மாநிலத்தின் ஸ்டேர்ஜிஸ் நகரிலிருந்த தொழிற்சாலையை மூடியமை உடனடிக் காரணம். ஆழ்ந்த காரணம் வேறு. அந்நாட்டுப் பால்மாச் சந்தையின் மிகப் பெரும் பகுதியை 4 நிறுவனங்களே தம் கைக்குள் வைத்திருந்தன. ஒரு தொழிற்சாலை நின்றதும் நாடே தள்ளாடியது. அவ்வேளை, பால்மா எந்தக் கடைக்கு வந்தது என அறிவிக்கும் நிரல்கள் எழுதப்பட்டன. பெற்றோர் இரவிலும் கைத்தொலைபேசியை அருகில் வைத்து உறங்கினர்.

அங்கு விற்பனையாகும் பால்மாவில் ஏறக்குறைய அரைப்பங்கு, வறிய தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான 'விக்' என்னும் அரசாங்க உதவித் திட்டத்தின் வாயிலாகவே பெறப்படுகிறது. அத்திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாநிலமும் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும். தாய் அந்நிறுவனத்தின் பால்மாவையே பெறவேண்டும். தட்டுப்பாடு முற்றிய பின்னரே இவ்விதி தளர்த்தப்பட்டது. அன்றியும், அவ்வுதவியைக் கொண்டு இணையத்தில் வாங்கும் வசதி அக்காலத்திற் பெரும்பாலான இடங்களில் இருக்கவில்லை. இணையக் கடையொன்றிற் பால்மா வந்துள்ளது என நிரல் அவள் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பியிருந்தாலும் அவளால் வாங்கியிருக்க முடியாது. கடனட்டை உள்ளவளுக்கு அச்செய்தி பால். இல்லாதவளுக்கு வெறுஞ் செய்தி.

அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்' என்னும் நூலில் நிறுவிய கருத்து இங்கு நினைவுகூரத்தக்கது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் முதலியவற்றை ஆராய்ந்த அவர், உணவு இருக்கிறதா என்பதைவிட, அதனைப் பெறும் உரித்து யாருக்கு உண்டு என்பதே பட்டினியைத் தீர்மானிக்கிறது என வாதிட்டார். அறிவிப்பு நிரலோ 'இருக்கிறது' என்று மட்டும் கூவுகிறது. உரித்துப் பற்றி அது அறியாது. 2022 யூனில் தொழிற்சாலையை மீண்டும் திறக்கச் செய்ததும், வெளிநாட்டுப் பால்மாவை விமானங்களில் தருவித்ததும், உதவித் திட்டத்தின் விதிகளைத் தளர்த்தியதுமே நிலைமையைத் தேற்ற உதவின. இவையனைத்தும் உற்பத்தியையும் உரித்தையும் பற்றிய நடவடிக்கைகள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதனினும் கொடியது 2021ஆம் ஆண்டு இந்தியாவின் அனுபவம். தடுப்பூசி கடைப்பண்டம் அன்று. எனினும் 'கோவின்' என்னும் அரசாங்க இணைய வாயில் அதனைக் கடைப்பண்டம் போலவே கையாண்டது. 18 முதல் 44 வயது வரையானோருக்கான பதிவு ஏப்ரல் 28ஆம் திகதி தொடங்கியது. முதல் நாளிலேயே 1 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். ஆயின் அப்பதிவு ஊசிக்கான முறையை உறுதிசெய்யவில்லை. மருத்துவ நிலையம் இடங்களைத் திறக்கும் கணத்தில் விரைந்து பிடிப்போருக்கே முறை கிடைத்தது. அவ்வாயிலின் தரவுகளைப் பிற நிரல்கள் வாசிக்க அரசாங்கமே வழிசெய்திருந்தமையால், காலியிடம் தோன்றியதும் ரெலிகிராமில் அறிவிக்கும் நிரல்கள் நாளுக்குநாள் பெருகின. நிரலாளர் பலரின் நோக்கம் நல்லதே. ஆனால் விளைவு? இடங்கள் செக்கன்களில் மறைந்தன. மே மாதத்தில் அரசாங்கம், வெளியாருக்குக் கிடைக்கும் தரவு 30 நிமிடங்கள் வரை பழையதாக இருக்கலாம் எனக் கட்டுப்பாடு விதித்தது.

தொடக்கத்தில் அவ்வாயில் ஆங்கிலத்திலேயே இயங்கியது. தமிழ் உட்படப் பிறமொழிகள் யூன் மாதத்திலேயே சேர்க்கப்பட்டன. கைத்தொலைபேசி அற்ற விவசாயக் கூலியும், ஆங்கிலம் அறியாத முதியவளும் எந்த ரெலிகிராம் குழுவில் இணைவர்? இணைய வாயிலை மாத்திரம் நம்பிய கொள்கை, எண்ணியல் வசதி அற்றோரை ஒதுக்கிவிடும் என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு மே இறுதியிற் சுட்டிக்காட்டியது. நேரில் வருவோருக்கும் ஊசி என்ற மாற்றமும், யூன் 21ஆம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய கொள்கையும், ஊசி வழங்கல் பெருகியமையுமே அந்த ஓட்டத்தை முடிவுறுத்தின. வழங்கல் பெருகியதும் நிரல்கள் தாமாகவே மௌனமாயின.

6. இரு மறுப்புகள்

நமது வாதத்துக்கு இருதிசைகளிலிருந்து மறுப்பு எழக்கூடும். சந்தைப் பொருளியலார், 'விலையை உயர்த்திவிடுங்கள். வரிசையும் மறையும், நிரலும் மறையும்' என்பர். மறுவிற்பனையாளர் செய்துகாட்டியது இதனையே. இருமடங்கு விலையில் வரிசை மறைந்தது மெய். மறைந்தது வரிசையில் நின்ற ஏழையும்தான். பால்மாவுக்கும் ஊசிக்கும் இவ்வாலோசனையை உரத்துக் கூற அவர்களே நாணுவர்.

சட்டவாதிகளோ, 'சட்டம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்' என்பர். நுழைவுச்சீட்டுகளைக் கவரும் நிரல்களுக்கு எதிராக அமெரிக்கா 2016 டிசம்பரிற் சட்டமியற்றியது. அதன்கீழ் முதல் நடவடிக்கை 4 ஆண்டுகள் கழிந்து, 2021 சனவரியில், 3 தரகு நிறுவனங்கள்மீதே எடுக்கப்பட்டது. பிற பண்டங்களுக்கும் அதனை விரிக்கும் சட்டமூலம் 2018இலும் 2019இலும் 2021இலும் கொண்டுவரப்பட்டும் சட்டமாகவில்லை. நிறைவேறியிருந்தாலும் என்ன? சட்டம் கொள்வனவு நிரலைத் தண்டிக்கும். விரைவோருக்கே பொருள் என்ற விதியைத் தொடாது.

7. பங்கீட்டின் வழி

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? 'எல்லாம் முதலாளித்துவத்தின் கேடு' எனக் கூறி ஒதுங்கிவிடுதல் எளிது, அது விடையாகாது. அதே கணனித் தொழினுட்பத்தைக் கொண்டே வேறு விதிகள் நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளன.

வால்வ் நிறுவனம் 2021 யூலையில் தன் ஸ்டீம் டெக் என்னும் கருவிக்கு முன்பதிவு ஏற்றது. 5 டொலர் வைப்புப் பணம் செலுத்தியோர் வரிசைப்படுத்தப்பட்டனர். 2022 பெப்ரவரி முதல் வரிசைக்கேற்ப அழைக்கப்பட்டனர். அழைக்கப்பட்டவருக்குத் தீர்மானிக்க 3 நாள் அவகாசம் இருந்தது. பக்கத்தைக் காவல்செய்ய எதுவுமில்லாத இடத்தில் அறிவிப்பு நிரலுக்கு வேலையில்லை. 2025இல் நின்டெண்டோ நிறுவனம் தன் ஸ்விட்ச் 2 கருவியை ஜப்பானிற் குலுக்கல் முறையில் வழங்கியது. ஏறக்குறைய 22 இலட்சம் பேர் தன் சொந்தக் கடைக்கு விண்ணப்பித்துள்ளனர் எனவும், பலருக்கு வெளியீட்டு நாளிற் கொடுக்க இயலாது எனவும் அது முன்கூட்டியே வெளிப்படையாகக் கூறியது. 50 மணிநேரம் பழைய கருவியில் விளையாடியிருக்க வேண்டும் என்ற அதன் நிபந்தனை புதியவர்களைப் புறந்தள்ளியது, அது குறையே. ஆயினும் எண்ணிக்கை சொல்லப்பட்டது. தோற்றோர் அடுத்த குலுக்கலிற் சேர்க்கப்பட்டனர். அன்றியும், உலகெங்கும் முதல் 4 நாள்களில் 35 இலட்சத்துக்கு மேல் விற்குமளவுக்குப் பொருள் ஆக்கி வைக்கப்பட்டிருந்தது.

இவை இலாபம் கருதிய நிறுவனங்களின் செயல்கள். பொதுத்துறையில் இத்தகைய பங்கீட்டை நாம் இலங்கையர் நேரிற் கண்டிருக்கின்றோம். அந்நியச் செலாவணி வற்றிய 2022இல் எரிபொருள் நிலையங்களின் முன் மைல்கணக்கில் வரிசைகள் நின்றன. எந்த நிலையத்துக்குப் பவுசர் வருகிறது என்ற செய்தி கைத்தொலைபேசிகளிற் பறந்தது. அச்செய்தி வரிசையைக் குறைக்கவில்லை. ஓரிடத்து வரிசையை இன்னோரிடத்துக்கு ஓடவைத்தது. யூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதி அட்டையின் கியூஆர் குறியீடு வேறொரு விதியைக் கொண்டிருந்தது. ஆரம்பத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என அளவு குறிக்கப்பட்டது. முதலில் ஓடியவருக்கு மிகையாகக் கிடைக்கும் என்ற நிலை நீங்கவே, ஓடவேண்டிய தேவையும் குறைந்தது. வண்டியோட்டி வாழும் தொழிலாளிக்கு 5 லீற்றர் போதாது என்பதும், கார் உடையவருக்கு அதன் 4 மடங்கு கிடைத்தது என்பதும் நியாயமான கண்டனங்களே. ஆனால் அக்கண்டனத்தை எழுப்ப முடிந்ததே, விதி வெளிப்படையாக இருந்தமையாலன்றோ? அளவு எழுதப்பட்டிருந்தால் அளவைப் பற்றி வாதாடலாம். விரைவே விதியாயின் எவரோடு வாதாடுவது? 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டபோது, அதன் தேவை நீங்குமளவுக்கு எரிபொருள் வந்திருந்தது.

இது இந்நாட்டுக்குப் புதிதுமன்று. இரண்டாம் உலக யுத்த காலந்தொட்டு அரிசிக் கூப்பனும் சங்கக் கடையும் எங்கள் பாட்டன்மார் அறிந்தவை. அவற்றிலும் ஊழல் இருந்தது; தரக்குறைவு இருந்தது. எனினும் புத்தகத்தில் எழுதப்பட்ட கொத்து அரிசி, கால்வலு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒன்றாகவே இருந்தது.

8. நமது கடன்

பல்கலைக்கழகத்திற் கணனி பயிலும் நண்பர்கள் இவ்விடத்தில் தம்மை நோக்கிச் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். நிரலொன்றை எழுதுவது அறிவின் விளையாட்டாகத் தொடங்கலாம். அது இயங்கும் களமோ சமுதாயம். நாம் எழுதும் நிரல் பொருளைப் பெருக்குகிறதா, அன்றேல் இருப்பதைப் பிடிப்போரின் வரிசையை மாற்றுகிறதா? மாற்றுமாயின் யார் முன்னே வருகின்றனர், யார் பின்னே தள்ளப்படுகின்றனர்? எல்லாரும் அதனைப் பயன்படுத்தினால் அதனால் எவருக்கேனும் பயன் எஞ்சுமா? மூன்றாவது வினாவுக்கு 'இல்லை' என விடை வருமாயின், அதனைச் சமத்துவக் கருவி என அழைப்பதை நிறுத்துவோம். தேடிக் களைத்த நண்பர் ஒருவருக்கு அதனை ஆக்கிக் கொடுப்பதை எவரும் தடுக்கப்போவதில்லை. அது தனிமனித உதவி, அப்பெயராலேயே அழைக்கப்படட்டும்.

அதே ஆற்றலைக் கொண்டு எழுதத்தக்க நிரல்கள் பல உள. பல்கலைக்கழக விடுதியின் அறைகளை, நூலகத்தின் பாடநூற் பிரதிகளை, வைத்தியசாலைக் கிளினிக்கின் முறைகளை விரைவோருக்கு விடாது வரிசைப்படுத்தும் நிரல்கள் அத்தகையவை. கைத்தொலைபேசி அற்றவரும் நேரில் வந்து தம் பெயரைப் பதியக்கூடிய வாயில், ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் கொடாத கணக்கு, இருப்பு எவ்வளவு என்பதை யாவரும் காண வைக்கும் பலகை ஆகியன அவற்றின் உறுப்புகளாதல் வேண்டும். இவற்றை எழுதுவது அறிவிப்பு நிரலை எழுதுவதிலும் கடினம். ஏனெனில் இங்கு, பங்கு யாருக்கு என்ற கேள்விக்கு எழுதுபவர் விடை கூறியாக வேண்டும்; அவ்விடையைப் பிறர் முன் நின்று காத்தாகவும் வேண்டும். அறிவிப்பு நிரல் அப்பொறுப்பிலிருந்து தப்பிக்க வழிதருகிறது. அதன் கவர்ச்சிக்கு அதுவே பெருங்காரணம் என்பது எமது துணிபு.

விற்போரை நோக்கியும் ஒரு கோரிக்கை உண்டு. எத்தனை பொருள் வரும், எந்த ஒழுங்கிற் கொடுக்கப்படும் என்பதை முன்கூட்டியே வெளியிடுமாறு அவர்களை நுகர்வோர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் வற்புறுத்துதல் வேண்டும். அத்தியாவசியப் பண்டமாயின் அதனை வற்புறுத்த வேண்டியது அரசாங்கத்தின் கடமையாகும். அடுத்த தட்டுப்பாடு மருந்தில் வருமோ மாவில் வருமோ நாமறியோம். அந்நாளில் நமது இளைஞர் கையில் இருக்கவேண்டியது மணியா, பங்கீட்டுப் புத்தகமா என்பதை இப்போதே தீர்மானித்தல் நன்று.